சுவரில் இருப்பது வேறு... கடித்தது வேறு!

வீட்டுச் சிலந்திகளில் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்?

விடிந்தும் விடியாத நேரம். மும்முனை மின்சாரம் வந்துவிட்டது என்று அவசரமாக மோட்டார் ரூம் கதவைத் திறந்து, ஸ்டார்ட்டர் பெட்டியில் கை வைக்கப் போகும்போது, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி ‘சரக்’கென்று சுவரில் ஓடும். போட்டது போட்டபடி வெளியே வந்து, விளக்குமாற்றைத் தேடுபவர்கள்தான் அதிகம். சோழவந்தான் தென்னந்தோப்பாக இருந்தாலும் சரி, மேலூர் நெல் வயலாக இருந்தாலும் சரி, மதுரை நகருக்குள் இருக்கும் மாடி வீடாக இருந்தாலும் சரி, இந்தக் காட்சி எல்லோருக்கும் பழக்கமானதுதான்.

‘இது விஷமுள்ளதா? கடித்தால் ஆபத்தா?’ என்பது விவசாயிகள் மத்தியில் அடிக்கடி எழும் கேள்வி. அதற்கான சுருக்கமான பதில், மதுரைப் பகுதி வீடுகளின் சுவரில் தென்படும் சிலந்திகளில் அநேகமாக எல்லாமே மனிதனுக்கு ஆபத்து இல்லாதவை. ஆனால், பதில் அதோடு முடிந்துவிடவில்லை. சிலந்தி என்று நினைத்து அலட்சியமாக விட்டுவிடும் சில கடிகள்தான் உயிருக்கே உலை வைக்கின்றன.

யாரும் பார்க்காத கடி!

“அப்பத்தா, ராத்திரி தூங்கும்போது கால்ல சுருக்குனு இருந்துச்சு.”

“ஏதாச்சும் பூச்சி பொட்டு கடிச்சிருக்கும்யா. காணாக்கடியா இருக்கும். வேப்பிலைய வச்சு தடவி விடுறேன், படு.”

கிராமத்து வீடுகளில் சாதாரணமாகக் கேட்கக்கூடிய பேச்சு இது. ‘காணாக்கடி’ என்ற சொல்லே, கடித்தது எது என்று யாரும் பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறது. ஆனால், மறுநாள் தோல் தடித்தாலோ, கொப்புளம் வந்தாலோ, ‘எட்டுக்கால் பூச்சி கடித்துவிட்டது’ என்று தீர்ப்பு சொல்லிவிடுகிறோம்.

சிலந்தியின் மீது பழி போடுவது நமக்குப் புதிதல்ல. ஊருணியிலும் படிக்கிணற்றிலும் தண்ணீர் குடித்த காலத்தில், காலில் கொப்புளம் வெடித்து நூல் போல வெளியே வரும் ஒரு நோய் இருந்தது. அதற்கு ‘நரம்புச் சிலந்தி’ என்றுதான் பெயர். உண்மையில் அது தண்ணீர் மூலம் பரவும் ஒரு புழு. சிலந்திக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இந்தியாவில் 1996-ம் ஆண்டோடு அந்த நோய் ஒழிந்தது. 2000-ம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் அதை உறுதி செய்தது. நோய் போய்விட்டது, சிலந்தி மீதான பழி மட்டும் போகவில்லை.

வீட்டுக்குள் இருக்கும் அப்பாவிகள்

உலகத்தில் 50,000-க்கும் அதிகமான சிலந்தி இனங்கள் கண்டறியப்பட்டுள்ளன. ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் விஷம் உண்டு. ஆனால், அந்த விஷம் ஈ, கொசு, கரப்பான் பூச்சியை மடக்குவதற்கான அளவுதான். மனிதனுக்குத் தீங்கு செய்யக்கூடியவை மிகச் சில இனங்களே. நம் வீடுகளில் அடிக்கடி பார்க்கக்கூடியவை இவைதான்.

ஒட்டடைச் சிலந்தி: கூரை மூலையில், பரண் மேல், பீரோவுக்குப் பின்னால் தலைகீழாகத் தொங்கும். உடம்பு சிறுத்து, கால்கள் மட்டும் நூல் போல நீண்டிருக்கும். தொட்டால் ஊஞ்சல் போல உடம்பை வேகமாக ஆட்டும். போகிக்கு முன்பு ஒட்டடைக் குச்சியில் சுருண்டு வருவது பெரும்பாலும் இதன் வலைதான். ‘உலகத்திலேயே கொடிய விஷம் இதற்குத்தான், பல் சிறியதாக இருப்பதால் நம்மைக் கடிக்க முடியவில்லை’ என்று ஒரு கதை உலகம் முழுக்கச் சுற்றுகிறது. அதில் உண்மை இல்லை. கொசுவையும் மற்ற சிலந்திகளையும் பிடித்துத் தின்னும் சாதுவான உயிர் இது.

சுவர் வேட்டைச் சிலந்தி: மோட்டார் ரூமில் பயமுறுத்துவது இதுதான். ‘ஹெட்டிரோபோடா வெனடோரியா’ என்பது இதன் அறிவியல் பெயர். தட்டையான பழுப்பு உடம்பு, நண்டு போல பக்கவாட்டில் விரிந்த கால்கள். காலோடு சேர்த்து அளந்தால் 4 அங்குலத்துக்கு மேலேயே இருக்கும். வலை பின்னாது. இரவில் சுவரில் ஓடித் திரிந்து கரப்பான் பூச்சியை வேட்டையாடும். வயிற்றுக்கு அடியில் வெள்ளைப் பொட்டு போல வட்டமான ஒன்றைச் சுமந்துகொண்டு திரிந்தால், அது பெண் சிலந்தி. அந்த வெள்ளை வட்டம் அதன் முட்டைப்பை. கையில் பிடித்து நசுக்கினால் கடிக்கும், வலிக்கும், கொஞ்சம் வீங்கும். அதற்கு மேல் ஒன்றும் செய்யாது.

ஈப்புலி: ஜன்னல் ஓரத்தில், டி.வி. பெட்டி மேல், பகலிலேயே தாவித் தாவித் திரியும் சின்னச் சிலந்தி. முன்பக்கம் கார் விளக்கு போல 2 பெரிய கண்கள் தெரியும். நாம் அசைந்தால் திரும்பி நம்மையே பார்க்கும். ஈயைக் குறிவைத்துப் புலி போலப் பாய்வதால்தான் இந்தப் பெயர்.

வெள்ளைத் திட்டுச் சிலந்தி: சுண்ணாம்புச் சுவரில் 1 ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளையாக ஒட்டிக் கிடக்கும் வலைக்கு அடியில், மிளகைவிடச் சிறிய சிலந்தி இருக்கும். எறும்புகளைப் பிடித்துத் தின்னும்.

வேலியிலும் தோப்பிலும்...

தோட்டத்துச் செடிகளுக்கு நடுவே வட்ட வலை பின்னி, அதன் நடுவில் கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து பெருக்கல் குறி போல உட்கார்ந்திருக்கும் மஞ்சள் பட்டைச் சிலந்தியைப் பார்த்திருப்பீர்கள். வலையிலும் வெள்ளை நூலால் ‘கையெழுத்து’ போட்டிருக்கும். பார்க்க மிரட்டலாக இருந்தாலும் ஆபத்து இல்லாதது.

உடை மரத்திலும் முள் வேலியிலும் அழுக்குத் துணியைச் சுற்றி வைத்தது போல சாம்பல் நிறக் கூடு தொங்கும். அதற்குள் நூற்றுக்கணக்கான சிலந்திகள் கூட்டுக் குடும்பமாக வாழும். வலையில் பெரிய இரை விழுந்தால் கூட்டமாக வந்து இழுக்கும். வறண்ட தென்னிந்தியச் சமவெளிகளில் வாழும் இந்தக் ‘கூட்டுச் சிலந்தி’யும் மனிதனை ஒன்றும் செய்வதில்லை. மரப்பட்டையின் நிறத்திலேயே ஒட்டிக் கிடந்து, பின்பக்கம் 2 வால் நீட்டிக்கொண்டிருக்கும் ‘இரட்டைவால் சிலந்தி’யும் அப்படித்தான்.

எச்சரிக்கை தேவைப்படுபவை இரண்டு

முதலாவது, விதவைச் சிலந்தி வகை. உடம்பு பட்டாணி போல உருண்டையாக, பளபளவென்று இருக்கும். கறுப்பு நிறம், முதுகில் அல்லது வயிற்றுப் பக்கம் சிவப்புக் குறி இருந்தால் அது கறுப்பு வகை. பழுப்பு நிறத்தில், வயிற்றுப் பக்கம் உடுக்கை வடிவில் ஆரஞ்சுக் குறி இருந்தால் பழுப்பு வகை. பழுப்பு வகையின் முட்டைப்பை, முள் வைத்த உருண்டை போல இருக்கும். இதை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம். இந்தச் சிலந்திகள் சுவரில் ஓடித் திரியாது. தரையை ஒட்டி, கல் இடுக்கு, செங்கல் அடுக்கு, கவிழ்த்து வைத்த தொட்டி, பழைய சாமான்களுக்கு அடியில் தாறுமாறாக நூல் இழுத்து, அதில் தலைகீழாகத் தொங்கும். நூல் கெட்டியாக, அறுக்கும்போது ‘படக்’கென்று அறுபடும். இந்த வகை இந்தியாவில் அரிதாகவே பதிவாகியிருக்கிறது. குஜராத் மாநிலம் பரோடா மாவட்டத்தில் ஒரு பருத்திக் காட்டில் இது கண்டறியப்பட்டதை விஞ்ஞானிகள் பதிவு செய்திருக்கிறார்கள். கடித்தால் கடிவாயில் பெரிய வீக்கம் இருக்காது. ஆனால், கொஞ்ச நேரத்தில் வலி பரவி, வயிறும் முதுகும் இறுகிப் பிடிக்கும், வியர்த்துக் கொட்டும்.

இரண்டாவது, புலிச் சிலந்தி. உடம்பு முழுக்க முடி, சாம்பல் நிறத்தில் கோலம் போட்டது போன்ற வரி, முன்னங்கால்களைத் தூக்கினால் அடியில் பளிச்சென்ற மஞ்சள் பட்டை (இனத்துக்கு இனம் நிறம் கொஞ்சம் மாறும்). கையை விரித்த அகலத்துக்கு வளரும். இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் இனம் இது. மலைக்காடுகளில் பழைய மரங்களின் பொந்துகளில் இருக்கும். சமவெளியிலும் இல்லாமல் இல்லை. ராமேஸ்வரம் தீவின் புளிய மரங்களிலும் பனைகளிலும் வாழும் ஒரு புலிச் சிலந்தி இனம் 2004-ம் ஆண்டில் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. முதலில் கண்டறியப்பட்ட இடத்தில் இருக்கும் அனுமார் கோயிலின் பெயரே அந்த இனத்துக்கும் வைக்கப்பட்டது. இன்று அது அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களில் ஒன்று.

புலிச் சிலந்தி கடித்தால் கடும் வலியோடு, சில மணி நேரம் கழித்துக்கூட தசைப்பிடிப்பு வரலாம். அது நாள்கணக்கில் நீடிப்பதும் உண்டு. உயிரிழப்பு ஏற்பட்டதாக உறுதியான பதிவு இல்லை என்றாலும், மருத்துவமனைக்குப் போக வேண்டிய கடி இது. பழைய புளிய மரத்தை வெட்டுபவர்களும், பொந்துக்குள் கை விடுபவர்களும்தான் கவனமாக இருக்க வேண்டும்.

பார்த்ததும் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. எங்கே இருக்கிறது? கூரை மூலை, சுவர், ஜன்னல் என்றால் பயம் வேண்டாம். கல் அடுக்கின் அடி, மரப்பொந்து, தரை வளை என்றால் கையை விடக் கூடாது.

2. வலை எப்படி இருக்கிறது? அழகான வட்ட வலை, கூரை ஒட்டடை, வலையே இல்லாமல் ஓடுவது ஆகியவை ஆபத்து இல்லாதவை. தரையை ஒட்டித் தாறுமாறாக, கெட்டியான நூலில் இருந்தால் விலகி நில்லுங்கள்.

3. உடம்பு எப்படி இருக்கிறது? தட்டையாகவோ குச்சி போலவோ இருந்தால் சாது. பளபளக்கும் உருண்டையும் சிவப்புக் குறியும் எச்சரிக்கை.

4. முடி எவ்வளவு? விரல் தடிமனுக்குக் கால், உடம்பெல்லாம் அடர்ந்த முடி என்றால் தொடாதீர்கள்.

அளவை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. உள்ளங்கை அகல வேட்டைச் சிலந்தி சாது. பட்டாணி அளவு விதவைச் சிலந்திதான் விஷக்காரி.

சிலந்தி மேல் விழும் 3 பழிகள்

முதல் பழி, தோலில் கோடு போட்டது போன்ற கொப்புளம். ‘ராத்திரி சிலந்தி ஊர்ந்துவிட்டது’ என்பார்கள். பெரும்பாலும் உண்மையான காரணம் ஒரு வண்டு. எறும்பு போல நீளமாக, கறுப்பும் ஆரஞ்சுமாக, 1 செ.மீ-க்கும் குறைவாக இருக்கும். மழைக்காலத்தில் வயலில் இருந்து விளக்கு வெளிச்சத்துக்கு வரும். அது கடிப்பதில்லை. கழுத்தில் ஊரும்போது நாம் தட்டி நசுக்கினால், அதன் உடம்பில் இருக்கும் ‘பெடரின்’ என்ற நீர் தோலைப் பொசுக்கிவிடும். மறுநாள்தான் எரிச்சல் தெரியும் என்பதால், வண்டு தப்பித்துவிடுகிறது, சிலந்தி மாட்டிக்கொள்கிறது. நெல் வயலில் தத்துப்பூச்சியைத் தின்னும் நன்மை செய்யும் பூச்சி அது. உடம்பில் உட்கார்ந்தால் நசுக்காமல் ஊதித் தள்ளிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

இரண்டாவது பழி, அக்கி. உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக எரிச்சலும் கொப்புளமும் வரும். இது பூச்சிக்கடி அல்ல. முன்பு வந்த அம்மையின் கிருமி நரம்பில் பதுங்கியிருந்து மீண்டும் கிளம்புவது. முதல் 3 நாள்களுக்குள் மருத்துவரைப் பார்த்தால் மாத்திரைக்கு நல்ல பலன் கிடைக்கும். கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

மூன்றாவதுதான் உயிரை எடுப்பது. கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வரும். தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடித்துவிடும். வலி அதிகம் இருக்காது, வீக்கம் இருக்காது, பல் தடம்கூட சரியாகத் தெரியாது. ‘ஏதோ பூச்சி’ என்று திரும்பிப் படுத்துவிடுவார்கள். சில மணி நேரத்தில் வயிறு வலிக்கும், கண் இமை தானாக மூடும், பேச்சு குழறும், பிறகு மூச்சு திணறும். இந்த இடைப்பட்ட நேரத்தில் மருத்துவமனைக்குப் போயிருந்தால் காப்பாற்றிவிடலாம். பாம்புக்கடி மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது.

ஆக, கடித்தது சிலந்திதான் என்று கண்ணால் பார்த்தால் மட்டுமே அது சிலந்திக்கடி. பார்க்காவிட்டால், அதைப் பாம்புக்கடி இல்லை என்று மருத்துவர் சொல்லட்டும்.

சதியா சொல்லும் பாடம்

2012-ம் ஆண்டு மே மாதம். அசாம் மாநிலம் தின்சுகியா மாவட்டத்தில் இருக்கும் சதியா என்ற ஊரில், பெரிய சிலந்திகள் கூட்டமாக வந்து கடித்து 2 பேர் இறந்துவிட்டார்கள் என்ற செய்தி பரவியது. ஊரே நடுங்கிப் போனது. பல்கலைக்கழக விஞ்ஞானிகள் சென்று சிலந்திகளைப் பிடித்து ஆராய்ந்தார்கள். இறப்புக்கு அந்தச் சிலந்தியின் விஷம்தான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. ஆனால், கடிபட்டவர்கள் முதலில் போனது நாட்டு வைத்தியம் செய்பவர்களிடம் என்றும், விஷத்தை இறக்குவதாகச் சொல்லி பிளேடால் கீறி ரத்தத்தை வெளியேற்றினார்கள் என்றும் மருத்துவர்கள் சொன்னார்கள். கடியைவிட கீறல் ஆபத்தானது என்பதுதான் சதியா சொல்லும் பாடம்.

கடித்தால் என்ன செய்வது?

கடிபட்ட இடத்தை சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை வையுங்கள். விரலில் மோதிரம், காலில் மெட்டி இருந்தால் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிறு போட்டு இறுக்குவது, சுண்ணாம்பு, புகையிலை வைப்பது எதுவும் வேண்டாம். கடித்த சிலந்தி கண்ணில் பட்டால் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வயிறு இறுகுதல், வியர்வை, வாந்தி, இமை மூடுதல், விழுங்க முடியாமை, மூச்சுத்திணறல், ஈறில் ரத்தம், வேகமாகப் பரவும் வீக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-க்கு அழைத்துவிடுங்கள். கடிபட்டது குழந்தை என்றால் அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம். பக்கத்து அரசு மருத்துவமனையில் முதலுதவி பெற்று, தேவைப்பட்டால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குப் போகலாம்.

வரும்முன் காப்பதும் எளிதுதான். செங்கல், விறகு, வைக்கோல் படப்பில் கை வைக்கும் முன்பு ஒரு குச்சியால் தட்டுங்கள். செருப்பை உதறிப் போடுங்கள். கட்டிலில் கொசுவலை கட்டிப் படுங்கள். இது கொசு, தேள், கட்டுவிரியன் மூன்றுக்கும் பாதுகாப்பு.

வயலில் சம்பளம் இல்லாத காவல்காரன்

வீட்டுச் சிலந்தியின் சொந்தக்காரர்கள்தான் வயலில் புகையானையும் தத்துப்பூச்சியையும் கட்டுப்படுத்துகிறார்கள். நெல் தூரின் அடியில் ஓடித் திரியும் ஓநாய் சிலந்தி, ஒரு நாளைக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை தின்னும். அதனால்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், மருந்து அடிக்கும் கணக்கிலேயே சிலந்தியையும் சேர்த்திருக்கிறது. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1 புகையான் இருந்தால் நடவடிக்கை எடுக்க வேண்டும். குத்துக்கு 1 சிலந்தி இருக்கும் வயலில், தூருக்கு 2 புகையான் வரும்வரை பொறுக்கலாம். சிந்தெடிக் பைரித்ராய்டு வகை மருந்துகளை அடித்தால் சிலந்தி முதலில் செத்துவிடும். புகையான் இரண்டு மடங்காகத் திரும்பி வரும்.

வாசகர் கேள்விகள்

“வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. சுவரில் இருக்கும் பெரிய சிலந்தியை மருந்து அடித்துக் கொல்லலாமா?”

வேண்டாம். குழந்தைக்குச் சிலந்தியைவிட, மூடிய அறையில் அடிக்கும் மருந்துதான் தீங்கு. ஒரு பிளாஸ்டிக் டப்பாவைச் சிலந்தி மீது கவிழ்த்து, அடியில் ஓர் அட்டையைச் செருகி, தோட்டத்தில் விட்டுவிடுங்கள்.

“வாட்ஸ்அப்பில் ஒரு பழுப்புச் சிலந்தியின் படமும், அழுகிய விரலின் படமும் வருகின்றன. அந்தச் சிலந்தி நம் ஊரில் இருக்கிறதா?”

அந்தப் படங்களில் பெரும்பாலும் காட்டப்படுவது அமெரிக்காவில் வாழும் ‘பிரவுன் ரெக்லூஸ்’. அது நம் ஊர்ச் சிலந்தி அல்ல. ஆறாத புண் இருந்தால் சர்க்கரை நோய், கிருமித் தொற்று இருக்கிறதா என்று முதலில் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

“வெட்டுக்காயத்தில் நூலாம்படை வைத்தால் ரத்தம் நிற்கும் என்கிறார்களே?”

பழைய ஒட்டடையில் தூசும் கிருமியும்தான் இருக்கும். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, தடுப்பூசி போட்டுக்கொள்வதே சரி.

“என்ன சிலந்தி என்றே தெரியவில்லை. யாரிடம் காட்டலாம்?”

தொடாமல் படம் எடுத்து, ஒத்தக்கடையில் இருக்கும் வேளாண்மைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தின் பூச்சியியல் துறையில் காட்டிக் கேட்கலாம். ஆனால், கடித்துவிட்டது என்றால் முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனைதான்.